தாலாட்டு.வீடு

கரூரில் ஒரே தெருவில் இரண்டு ‘தாலாட்டு’ இருந்தன. ஒன்று பூங்கோதையின் கொசுவலைக் கம்பெனி. எதிரே நத்தர்ஷா பாயின் தொட்டில் கடை. சரக்கு வேறு என்பதால் இரண்டுக்கும் டிரேட்மார்க் கிடைத்திருந்தது. பாய் தன் கடையையும் டிரேட்மார்க்கையும் மகள் ரிஸ்வானா பெயருக்கே எழுதிவிட்டார். ஊருக்கு அது இன்னும் பாய் கடைதான். இரண்டு கடைகளும் தொட்டில் வலை விற்கத் தொடங்கிய பிறகு தெருவில் சமாதானம் இல்லை.

அப்போதுதான் ‘.வீடு’ என்று முடியும் புதிய இணைய முகவரிகள் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. எல்லோருக்கும் திறப்பதற்கு முன் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. அதில் டிரேட்மார்க் உள்ளவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். ஒரே பெயரை இருவர் கேட்டால் ஏலம். ஒருவர் விலகினால் மற்றவருக்கு. இருவருமே விலகினால் பெயர் பொதுவுக்குப் போய்விடும்; திறக்கும் நாளில் முதலில் முந்துகிறவருக்கு.

“ஏலத்துல நாம அடிச்சுக்கிட்டா எவனோ லாபம் பாப்பான், அம்மணி,” என்றார் பாய், டீக்கடையில் நாலு பேர் முன்னால். “காத்திருப்புல ரெண்டு பேரும் கை வைக்க வேண்டாம். திறக்கிற அன்னைக்கு யாருக்கு வாய்க்குதோ அவங்களுக்கு.”

“சரிங்க பாய். வாக்குன்னா வாக்குதான்.”

காத்திருப்பின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மதியம் பூங்கோதையின் செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. வெளியூர்த் தரகன் ஒருவன், திறந்த நொடியில் நல்ல பெயர்களை அள்ளிக்கொள்ள மென்பொருள் வைத்திருந்தான். கைக்கு வருமுன்பே அவன் விலைக்கு வைத்திருந்த பெயர்களில் தாலாட்டும் இருந்தது.

விரலால் தட்டி ஜெயித்துவிடலாம் என்று நினைத்த இரண்டு முட்டாள்கள்! பாயை அழைத்தாள். ஜும்மா நேரம், செல்போன் அணைந்திருந்தது. எதிரே ஷட்டர் இறங்கியிருந்தது. தொழுகை முடிந்து அவர் வருவதற்குள் காத்திருப்பு முடிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பினாள்.

நேரம் முடிந்ததும் திரையில் முடிவு வந்தது: தாலாட்டு.வீடு, விண்ணப்பங்கள் இரண்டு.

எதிரே ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டினாள்.

“ஏனுங்க பாய், தொழப் போறேன்னு போயி விண்ணப்பமா போட்டீங்க?”

“நானா? செல்லையே இப்பத்தான் போடறேன். இரு, நீ போட்டியா?”

அவள் தரகனின் விளம்பரத்தைத் திறந்து செல்போனை நீட்டினாள்.

“நம்ம கடைக்கு நான் போட்டேன் வாப்பா, வீட்டுலருந்து,” என்றாள் பின்னாலேயே வந்த ரிஸ்வானா. “வாக்குக் கொடுத்தது நீங்க ரெண்டு பேரு. என்னை யாரு கேட்டீங்க?”

பாயின் முகம் சிவந்தது. “நாலு பேர் முன்னால கொடுத்த வாக்கு. நாங்க விலகிக்கிறோம். பேரை நீயே வெச்சுக்கோ, அம்மணி.”

“மீறுனது நானுங்க. நான்தான் விலகோணும்.”

“நீ விலகுனா டீக்கடைப் பக்கம் நான் எப்படித் தலை காட்டுவேன்?”

“நீங்க விலகுனா நான் மட்டும் எப்படிங்க காட்டுவேன்?”

“ரெண்டு கடையும் விலகிக்கலாம்,” என்றாள் ரிஸ்வானா. “தரகன் நமக்குப் பிரியாணி போடுவான்.”

காலைவரை பிடுங்கிக்கொள்ளத் துடித்தவர்கள் இப்போது விட்டுக்கொடுக்க மல்லுக்கட்டினார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. பாதிப் பேர் பாய் பக்கம், பாதிப் பேர் பூங்கோதை பக்கம்.

நீங்கள் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எந்தக் கடை விலகுவது சரி?

விடை: பூங்கோதையின் கடை. டிரேட்மார்க் ரிஸ்வானாவுடையது, அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. தன்னுடையதல்லாத ஒன்றை வைத்து வாக்குக் கொடுத்தது பாயின் பிழை. அதையே விட்டுக்கொடுக்கவும் அவருக்கு உரிமையில்லை. பூங்கோதை கொடுத்ததோ தன் சொந்த வாக்கு. தரகனிடமிருந்து பெயரைக் காக்கத்தான் அதை மீறினாள் என்றால், ரிஸ்வானாவின் விண்ணப்பத்தாலேயே பெயர் தப்பிவிட்டது. இனியும் பிடித்துக்கொண்டிருந்தால் அது காவல் அல்ல, ஆசை. பூங்கோதைக்கும் அது புரிந்தது. அங்கேயே நின்று விலகினாள். வலிக்கத்தான் செய்தது. “தொட்டில் வலையில பாத்துக்கறேன்,” என்று ரிஸ்வானாவிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருவைத் தாண்டினாள்.