முதல் பேர்

இரண்டு வருஷமாக மாறி மாறி எதிர்க்கோஷ்டி ஆட்களை வெட்டிக்கொண்டிருந்த டில்லியும் அமல்ராஜும் அரசாங்கச் சமாதானக் கூட்டத்துக்கு ஒருவழியாக வந்தார்கள். வந்தவர்கள் பேர் எழுதும் நோட்டு ஆபீஸ் ஆயா சகாயமேரி கையில்.

“முதல் பேரு என்னுது!” இரண்டு பேர் கையும் இடுப்புக்குப் போனது. அங்கே என்ன செருகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“சண்டை வராம எழுது. வந்துச்சு, உன் வேலை போச்சு,” என்றார் கூட்டத்தைக் கூட்டிய திட்ட அதிகாரி, கதவோரமாக நகர்ந்தபடி.

சகாயமேரி நோட்டைத் திறந்தாள். “எழுதறேன் தம்பிங்களா. ஆனா இந்த நோட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போவுது. அங்க முதல் பேருன்னா ஏ-ஒன், முதல் குற்றவாளி.”

கைகள் இறங்கின. “அவன் பேரைப் போடுக்கா,” என்றான் டில்லி.

“சேச்சே, அவன்தான் மூத்தவன்,” என்றான் அமல்ராஜ்.

“அப்ப யாரைத்தான் எழுத?”

இரண்டு கோஷ்டியும் முதல்முறையாக ஒத்துப்போனது: “சார் பேரை எழுது!”

சார்தான் ஒத்துக்கொள்ளவில்லை.