மஞ்சள் வாத்தும் பச்சைக் கொடியும்

"அம்மா, அந்தப் பிள்ளையை இங்கயிருந்து அனுப்பிருங்க," என்றார் திரவியம்.

அவருடைய வேட்டி பின்பக்கம் நனைந்திருந்தது.

திரவியத்துக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்து நாலு வருடம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு இந்த மலையடிவார மடத்துக்கு வந்து, ஒரு அறை எடுத்துக்கொண்டு, தியானம் பழகுகிறார். அவருடைய குரு குழல்வாய்மொழி அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவர். காவி கட்டுவதில்லை, ருத்திராட்சம் போடுவதில்லை. எல்லோருக்கும் அவர் குழலம்மா.

குழலம்மா அப்போது பாகற்கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்துச்சு அண்ணாச்சி?"

"ரெண்டு வருசமா உக்காருதேன். ஒரு நாளும் வந்ததில்ல. இன்னைக்குத்தான் மனசு அடங்கி, இந்தா வருது, இந்தா வருதுன்னு இருந்துச்சு. அந்த நேரம் பாத்து அடியில வெதுவெதுன்னு..."

"எது வருதுன்னு இருந்துச்சு?"

"அமைதி."

"வந்தது என்ன?"

பதிலை வேட்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

பிள்ளை, மடத்தில் சமைக்கும் மாடத்தியின் மகள். பெயர் தன்ஷிகா, வயது இரண்டரை. ஒன்றுக்கோ இரண்டுக்கோ, எங்கே நினைக்கிறாளோ அங்கே போய்விடுவாள். அம்மிக்குப் பக்கத்தில் போவாள், முருங்கை மரத்தடியில் போவாள். அன்றைக்குத் தியான மண்டபம் அவளுக்குப் பிடித்திருந்தது.

மாடத்திக்கு மடத்தை விட்டால் போக்கிடம் கிடையாது. புருஷன் இறந்த பிறகு ஆறு மாதம் அண்ணன் வீட்டில் இருந்து பார்த்தாள். அண்ணி சோற்றைப் போடும்போது கரண்டி தட்டில் இடிக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனதாம். இந்தக் கதை மடத்தில் எல்லோருக்கும் தெரியும். திரவியத்துக்கும் தெரியும். ஈர வேட்டியோடு நிற்கிற மனிதனுக்கு அதெல்லாம் ஞாபகத்துக்கு வராது.

"சரி, அனுப்பிரலாம்," என்றார் குழலம்மா.

இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பார் என்று திரவியம் எதிர்பார்க்கவில்லை.

"பௌர்ணமிக்கு இன்னும் இருபது நாள் கிடக்கு. அதுக்குள்ள பிள்ளை பழகிட்டுன்னா இருக்கட்டும். பழகலன்னா நீங்களே ரெண்டு பேரையும் பஸ் ஏத்தி விட்டுருங்க."

"யாரு பழக்குறது?"

"நீங்கதான்."

"நானா? எனக்கு மூணு பிள்ளைக அம்மா. ஒரு பிள்ளைக்கும் நான் கால் கழுவி விட்டதில்ல. எல்லாம் வீட்டுல அவதான் பாத்துக்கிட்டா."

"நேரத்துக்கு வரவைக்கத் தெரிஞ்ச ஆளுதான நீங்க," என்று சொல்லிவிட்டு குழலம்மா அடுத்த கயிற்றை எடுத்தார்.

மறுநாள் திரவியம் பஸ் பிடித்து டவுனுக்குப் போனார். பிளாஸ்டிக் சாமான் கடையில், குழந்தைகள் உட்கார்ந்து ஆய் போகிற சின்ன இருக்கை ஒன்று வாங்கினார். மஞ்சள் நிறத்தில் வாத்து வடிவம், பிடித்துக்கொள்ள வாத்தின் கழுத்து.

"பேத்திக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. தியானத்துக்கு."

கடைக்காரர் வாத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டார்.

அன்று மாலையே அடுக்களைச் சுவரில் ஒரு கால அட்டவணை ஏறியது. 6.10. 8.40. 11.25. 4.05. கறுப்பு மையில் நேரம், சிவப்பு மையில் அடிக்கோடு.

"அண்ணாச்சி, பதினொண்ணு இருவத்தஞ்சுக்கு நான் தாளிச்சிக்கிட்டு இருப்பேனே," என்றாள் மாடத்தி.

"நீ தாளி. நான் பாத்துக்கிடுதேன்."

காலை எட்டு நாற்பதுக்கு தன்ஷிகா வாத்தின் மேல் உட்கார வைக்கப்பட்டாள். திரவியம் எதிரே நாற்காலி போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"வந்துச்சா?"

"இல்ல."

"அசையாத. நல்லா முக்கு."

கொஞ்ச நேரம் போனது.

"வந்துச்சா?"

"இல்ல தாத்தா."

"வாத்து கழுத்தைத் திருகாத. வந்துச்சா?"

நாற்பது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு தன்ஷிகா எழுந்தாள். இரண்டடி தள்ளிப் போனாள். அங்கே நின்றபடியே முடித்தாள். எட்டு நாற்பது ஒன்பது இருபதுக்கு வந்து சேர்ந்தது, அதுவும் வேறு பிளாட்பாரத்தில்.

நாலு நாள் இப்படியே நடந்தது. ஐந்தாம் நாள் திரவியம் சத்தம் போட்டுவிட்டார். கை ஓங்கவில்லை, குரலைத்தான் ஓங்கினார். ஒரு காலத்தில் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் நிற்கும் போர்ட்டருக்குக் கேட்ட குரல் அது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

தன்ஷிகா அழவில்லை. அன்றிலிருந்து ஆய் போகவே இல்லை.

ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. வாத்தைக் கண்டாலே கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். மூன்றாம் நாள் வயிறு கல்லாகி, சோற்றைத் தள்ளிவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டாள். மாடத்தி டவுன் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"மருந்து தாரேன். பழம் குடுங்க, நெறைய தண்ணி குடுங்க," என்றாராம் டாக்டர். "அதைவிட முக்கியம், யாரும் பிள்ளையை மிரட்டாதீங்க."

மாடத்தி திரும்பி வந்து, ஆணியில் தொங்கிய துணிப்பையை எடுத்து, இரண்டு சேலையையும் பிள்ளையின் கவுன்களையும் மடித்து வைத்தாள்.

"அண்ணாச்சி, விட்டுருங்க. பௌர்ணமி வரைக்கும் எதுக்கு? நாங்க நாளைக்கே போயிருதோம். எம்பிள்ளை ஆய் போனாப் போதும் எனக்கு."

திரவியத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. தன் பிள்ளைகளுக்கு ஜுரம் வந்தபோதுகூட அவர் ஸ்டேஷனில்தான் இருந்தார். இப்படிப் பக்கத்தில் நின்று பயந்தது இதுதான் முதல் தடவை.

"ஒரு நாள் பொறும்மா," என்று மட்டும் சொன்னார்.

நேரே பாகற்பந்தலுக்குப் போனார்.

"அம்மா, பிள்ளைக்கு வரமாட்டேங்குது."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன? நான் பிள்ளையைப் பத்திப் பேசுதேன்."

"நாளைக் காலையில மண்டபத்துக்கு வாங்க," என்றார் குழலம்மா.

காலை ஐந்து மணிக்குத் திரவியம் மண்டபத்தில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினார். குழலம்மா எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"வந்துச்சா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம் போனது.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"அசையாதீங்க. நல்லா முக்குங்க."

திரவியம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். குரு கையில் கடிகாரம் இருந்தது. திரவியம் கழற்றி வைத்திருந்த கடிகாரம்தான் அது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்துச்சா?"

திரவியம் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மணி அஞ்சே காலாச்சே. வந்துச்சா?"

ஏழாவது தடவை கேட்டபோது திரவியம் துள்ளி எழுந்துவிட்டார்.

"இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா எப்படிம்மா வரும்?"

குழலம்மா கடிகாரத்தை அவர் கையில் கொடுத்தார். நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு, பாகற்கொடிக்குத் தண்ணீர் விடப் போனார்.

திரவியம் அங்கேயே நின்றார். வெயில் மண்டப வாசல்வரை வந்த பிறகுதான் நகர்ந்தார். அடுக்களைக்குப் போய், சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்து அடுப்பில் போட்டார். கடிகாரத்தை டிரங்குப் பெட்டியில் வைத்தார். பெட்டிக்குள் அவருடைய பழைய பச்சைக் கொடி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கொய்யா மரத்தடியில் வாத்தை வைத்தார். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். யாரையும் கூப்பிடவில்லை.

பப்பாளித் துண்டைச் சப்பிக்கொண்டு தன்ஷிகா தூரத்தில் நின்று பார்த்தாள். கொஞ்சம் கிட்டே வந்தாள்.

"தாத்தா, என்ன செய்யுத?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"இது என்ன?"

"கொடி. ரயில் வந்தா ஆட்டணும்."

"ரயில் எங்க?"

"இன்னும் வரல."

"எப்ப வரும்?"

முப்பத்து நாலு வருடமாகப் பயணிகள் இதையே கேட்டார்கள். 'இன்னும் பத்து நிமிசத்துல' என்று அத்தனை பேரிடமும் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார்.

"வரும்போது வரும்," என்றார் திரவியம்.

அவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. கொடியை வாங்கிக்கொண்டாள். உட்கார இடம் தேடி, வாத்தின் மேல் உட்கார்ந்தாள், ஜட்டியோடு. திரவியம் வாளியை விட்டு அசையவில்லை. அன்றைக்கு ரயில் வரவில்லை.

சாயங்காலம் அவர் எஞ்சின் மாதிரி கூவிக் காட்டினார். அவளும் கூவினாள். இரண்டு பேருமாக மடத்தை மூன்று சுற்று சுற்றி வந்தார்கள். தியானத்துக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். திரவியம் அவர்களுக்கும் ஒரு கூவல் போட்டார்.

மறுநாள் காலை தன்ஷிகாவே ஜட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வாத்தின் மேல் ஏறினாள். வாளியில் திரவியம். இரண்டு பேரும் கொய்யா மரத்தில் அணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உண்மையிலேயே அணிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முகம் சிவந்தது. கொடியை இறுக்கிப் பிடித்தாள். ஒரு நிமிடம் மூச்சே இல்லை.

பிறகு கொடியை ஆட்டினாள்.

"தாத்தா, வந்துட்டு!"

அடுக்களையிலிருந்து மாடத்தி கரண்டியோடு ஓடி வந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன்ஷிகா ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். வெளியூர்க்காரர்களையும் விடவில்லை. கடைசியாகக் குழலம்மாவை இழுத்து வந்தாள்.

குழலம்மா குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு," என்றார்.

தன்ஷிகா வாத்துக்குள் இருந்ததற்கு டாட்டா காட்டினாள். திரவியம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அவரே கால் கழுவிவிட்டார். தண்ணீர் குளிர்கிறது என்று அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகும் ஒழுங்காக எல்லாம் நடந்துவிடவில்லை. சில நாள் வாத்தில் போனாள். சில நாள் விளையாட்டு மும்முரத்தில் மறந்து அம்மிக்குப் பக்கத்திலேயே போய்விட்டு, அப்புறம் கொடியை எடுத்து வந்து ஆட்டினாள். "ரயில் லேட்டாச் சொல்லுது," என்று திரவியம் துணியெடுத்துத் துடைத்தார். நாளாக நாளாக அம்மிப் பக்கம் போவது குறைந்தது. மாடத்தியின் சேலைகள் பையிலிருந்து கொடிக்கயிற்றுக்கு வந்தன. ஆனாலும் பையை அவள் மடித்து உள்ளே வைக்கவில்லை. பௌர்ணமி தாண்டட்டும் என்று ஆணியிலேயே விட்டிருந்தாள்.

பௌர்ணமி வந்தது.

விடியற்காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. திரவியம் தன் இடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தன்ஷிகா வந்து அவர் முதுகில் சாய்ந்து நின்றாள். தூக்கக் கலக்கம் இன்னும் போகவில்லை.

அடியில் வெதுவெதுப்பு பரவியது.

திரவியம் கண்ணைத் திறந்தார். மண்டப வாசலில் மாடத்தி நின்றாள். பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. தன்ஷிகா குனிந்து தரையைப் பார்த்தாள், பிறகு தாத்தாவைப் பார்த்தாள். உதடு பிதுங்க ஆரம்பித்தது.

குழலம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன அண்ணாச்சி அது, ஈரம்?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"தண்ணி," என்றார் திரவியம்.

"தண்ணியா?"

"தண்ணிதாம்மா. சொம்பைத் தட்டி விட்டுட்டேன்."

பக்கத்தில் சொம்பு எதுவும் இல்லை. குழலம்மா இல்லாத சொம்பைச் சற்று நேரம் பார்த்தார்.

"வயசாகுதில்ல. பாத்து இருங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மாடத்தி வாசலிலிருந்து போய்விட்டாள். சற்று நேரம் கழித்து, அவள் அறையில் ஆணியிலிருந்த காலிப் பையை எடுத்து உதறி மடிக்கிற சத்தம் கேட்டது.

திரவியம் துணி கொண்டுவந்து துடைத்தார். தன்ஷிகாவைக் கழுவி, வேறு கவுன் மாட்டிவிட்டார். தானும் வேட்டியை மாற்றிக்கொண்டு, மறுபடி வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார்.

எதையோ இழுத்து வருகிற சத்தம். அவருக்கு முன்னால் வந்து நின்றது.

ஒரு கண்ணைத் திறந்தார். எதிரே மஞ்சள் வாத்து. அதன்மேல் தன்ஷிகா.

"தாத்தா, வந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் இல்லடா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டவில்லை. பச்சைக் கொடியை அவர் கையில் திணித்தாள்.

"வந்தா ஆட்டு. நான் வந்து பாக்கேன்."

சொல்லிவிட்டு அணில் பார்க்கப் போய்விட்டாள்.