முப்பத்தேழாம் கேசட்

ஜெனிட்டா டீச்சர் யாருக்கும் எதையும் செய்து கொடுக்க மாட்டார். ரிப்பேர் என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால், ஸ்குரூ டிரைவரை நம் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். இதற்குப் பயந்தே தூத்துக்குடியில் பலர் அவர் கடையின் மாடிப்படி ஏறுவதில்லை. அவருக்கு வயது முப்பத்தொன்று.

ஒரு நாள் காலையில் அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பனுக்கு அறுபத்துநாலு.

ஆவுடையப்பன் இருபத்தாறு வருஷம் கப்பல்களின் எஞ்சின் அறையில் ஃபிட்டராக இருந்தவர். பெரிய மீசை. படியேறி வந்து, மூச்சு வாங்கி முடித்து, ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், இதுல எங்க வீட்ல பேசுன பேச்சு இருக்கு. நூத்திப் பன்னெண்டு கேசட்டு."

"பேச்சா, அண்ணாச்சி?"

"ஆமா. நான் கடல்ல கெடந்த காலத்துல அவ லெட்டர் எழுத மாட்டா. கேசட்டுல பேசி அனுப்புவா. மாசத்துக்கு ஒண்ணு. மீன் என்ன விலை, யாருக்குக் கல்யாணம், புள்ளைக்கு எத்தன நாளாக் காய்ச்சல், எல்லாம் இருக்கும். திட்டும் இருக்கும்."

"இப்ப அந்த கேசட்டெல்லாம்?"

"பூஞ்சை பிடிச்சிட்டு. டிஸ்க்குல ஏத்தும்போது ஒரு தடவ ஓடுச்சு. அதோட நாடா அறுந்து போச்சு. இனி இதுதான் மிச்சம்."

டீச்சர் டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இன்னும் மூணு வாரத்துல அவளுக்கு மதுரைல ஆபரேஷன். குரல்வளைய எடுக்கணும்னுட்டாங்க. உயிருக்குப் பயமில்லையாம். பேச்சுதான் இருக்காதாம்."

சொல்லும்போது அவர் கலங்கவில்லை. அழ வேண்டியதை வீட்டிலேயே அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"இப்பமே கரகரன்னுதான் பேசுதா. அது அவ குரலே இல்ல, டீச்சர். இதுக்குள்ள இருக்கதுதான் அவ குரல். இது எந்தக் காலத்துலயும் அழியப்பிடாது. வீட்லயே வச்சிக்கிட, நெனச்ச நேரம் போன்ல கேக்க, அப்படி ஒரு பெட்டி செஞ்சு தாங்க."

"செஞ்சு தர மாட்டேன். செய்யுங்க, நான் பாத்துட்டு இருக்கேன்" என்றார் டீச்சர்.

அன்றே தொடங்கியது.

உறையைப் பிரித்தால் சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு பச்சைப் பலகை வந்தது. ஆவுடையப்பன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இதுவா கம்ப்யூட்டரு?"

"ஆமா. ராப்பகலா முழிச்சிருக்கும். கரண்ட் அவ்வளவாக் குடிக்காது."

"நான் மூணு மாடி உயர எஞ்சினக் கழத்தி மாட்டினவன், டீச்சர்."

"அப்ப இது சுலபமா இருக்கும்."

சுலபமாக இல்லை. அந்தப் பலகைக்கு ஒரு குட்டி ஃபேன் மாட்ட நாலு ஸ்குரூ. ஒவ்வொன்றும் எறும்பளவு. அவருடைய விரல்களுக்கு நடுவில் அவை காணாமல் போயின. மேஜைக்கு அடியில் இரண்டு உருண்டன. அறுபத்துநாலு வயது மனிதர் தரையில் மண்டிபோட்டு ஸ்குரூ தேடுவதை டீச்சர் டீ குடித்துக்கொண்டே பார்த்தார். எழுந்து உதவவில்லை. சில பேருக்கு இதைப் பார்த்தால் கோபம் வரும். ஆவுடையப்பனுக்கு வரவில்லை. கப்பலில் அவரும் புதியவர்களை இப்படித்தான் வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் கீபோர்டில் ஒற்றை விரலால் கட்டளைகளைத் தட்டினார். அரை மணி நேரம் தட்டியதைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பித் தள்ளியது.

"ஒரே ஒரு புள்ளிய விட்டுட்டேன். அதுக்கு இம்புட்டுக் கோவமா?"

"கப்பல்ல ஒரே ஒரு வால்வ விட்டா?"

அவர் புள்ளியை வைத்தார்.

ஐந்தாம் நாள் இரண்டு புது டிஸ்க்குகள் மாட்டியாயிற்று. கறுப்பு டிஸ்க்கிலிருந்து பேச்செல்லாம் அவற்றுக்கு நகல் ஆகிக்கொண்டிருந்தது. எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஆவுடையப்பன் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் எழுந்து போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"ஐயோ, என்ன டீச்சர் இது!"

"நம்ம ஊர்ல கரண்ட்டு சொல்லிட்டாப் போவுது?"

மறுநாள் அவர் ஒரு பேட்டரியோடு வந்தார். நகலை முதலிலிருந்து ஆரம்பித்தார். டீச்சர் மறுபடியும் பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி அசையவில்லை. எண்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தன. ஆவுடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்கு அன்று ரொம்ப சந்தோஷம்.

"முடிஞ்சிட்டு, டீச்சர். ரெண்டு டிஸ்க்கு. ஒண்ணுல என்ன எழுதுனாலும் அதே நிமிஷம் மத்ததுலயும் எழுதிக்கிடும். ஒண்ணு செத்தா இன்னொண்ணு நிக்கும். இந்தக் கறுப்பு டிஸ்க்கு இனி எதுக்கு? அழிச்சிட்டுச் சினிமாப் படம் ஏத்திக்கிடுதேன்."

"அண்ணாச்சி, காலைல கண்ணாடி பாத்தா சவரம் பண்ணுனீங்க?"

"ஆமா."

"கைதவறி மீசைய எடுத்திருந்தீங்கன்னா, கண்ணாடில நிக்கவருக்கு மீசை இருந்திருக்குமா?"

அவர் கை தானாக மீசைக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"அதாவது, இதுல அழிச்சா அதுலயும் அழிஞ்சிரும்."

டீச்சர் கறுப்பு டிஸ்க்கைக் கையில் எடுத்தார். டிராயரைத் திறந்து காட்டினார்.

"இங்கனயா வைக்கச் சொல்லுதீங்க? எங்க வீட்லயே வச்சா என்ன?"

"வீட்ல தீப்பிடிச்சா?"

ஆவுடையப்பன் தயங்கினார். "இதெல்லாம் புருஷன் பொண்டாட்டி பேச்சுல்லா, டீச்சர்."

"பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்க. நான் திரும்பிக்கிடுதேன்."

டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அப்படியும் ஆவுடையப்பன் கீபோர்டை இடது கையால் மறைத்துக்கொண்டுதான் தட்டினார். கறுப்பு டிஸ்க் டிராயருக்குள் போனது.

பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. அதைத் திரையில் கம்ப்யூட்டரே கேட்டது.

"மதினி போன்ல இதக் கேக்க மட்டும் முடிஞ்சாப் போதுமா, அழிக்கவும் முடியணுமா?" என்று டீச்சர் விளக்கினார்.

"அவ பேசுனது, டீச்சர். அவளுக்கு இல்லாத அதிகாரமா?" முழு அனுமதி என்று தட்டிவிட்டு எழுந்தார்.

வீட்டில் ரூட்டர் பக்கத்தில் பெட்டி உட்கார்ந்தது. அவர் மனைவி சங்கரவடிவின் போனில் ஒன்றிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை எண்கள் வரிசையாக வந்து நின்றன. எந்த எண்ணைத் தொட்டாலும் அந்த மாதம் பேசியது.

அதன்பிறகும் ஆவுடையப்பன் தினம் மாடியேறி வந்தார். டிஸ்க் சூடானால் போனுக்குச் செய்தி வர வேண்டும் என்றார். அதைக் கற்றுக்கொண்டார். யாராவது வெளியிலிருந்து நுழையப் பார்த்தால் தெரிய வேண்டும் என்றார். அதையும் கற்றுக்கொண்டார். காலையில் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போனார்.

"மதினி கேக்காகளா?" என்று ஒரு நாள் டீச்சர் கேட்டார்.

"நாள் முழுக்கக் காதுல வச்சிக்கிட்டு இருக்கா."

"நீங்க?"

"நான் காலைல எந்திரிச்சதும் எண்ணிப் பாத்துருவேன். நூத்திப் பன்னெண்டும் இருக்கு."

டீச்சர் அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு தன் வேலையைக் கவனித்தார்.

சனிக்கிழமை காலை. டீச்சர் கடையைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"நூத்திப் பதினொண்ணுதான் இருக்கு, டீச்சர்!"

"உக்காருங்க."

"உக்கார முடியாது. வடிவு ஒண்ண அழிச்சிட்டா. கைதவறி இல்ல, தெரிஞ்சே அழிச்சிருக்கா. முப்பத்தேழாம் நம்பர். ரெண்டு டிஸ்க்குலயும் இல்ல. நான்தான அனுமதி குடுத்தேன், என்னையச் சொல்லணும்." மூச்சு வாங்கினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஆனா பாத்தீங்களா, டிராயர்ல ஒண்ணு வைக்கச் சொன்னீங்க. தப்பிச்சேன். தொறங்க."

டீச்சர் டிராயரைத் திறந்து கறுப்பு டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"முப்பத்தேழுல என்ன இருக்கு, அண்ணாச்சி?"

"தெரியாது."

"மாசா மாசம் வந்தத நீங்க கேக்கலியா?"

"மத்ததெல்லாம் கேட்டிருக்கேன். நாடா தேயத் தேயக் கேட்டிருக்கேன். இது மட்டும் என் கைக்கு வரல. அவ அனுப்புன நேரம் பாத்து என்னைய வேற கப்பலுக்கு மாத்திட்டாங்க. நாலு மாசம் எங்கெங்கயோ சுத்தி, பிரிக்காத பார்சலா வீட்டுக்கே திரும்பி வந்துட்டு."

"ஊருக்கு வந்த பிறகு போட்டுக் கேக்கலியா?"

"ஆளே எதுத்தாப்ல நிக்கா. கேசட்டு எதுக்குன்னு விட்டுட்டேன். பெட்டியோட பெட்டியாக் கெடந்துச்சு. டிஸ்க்குல ஏத்தும்போதும் கடைக்காரர்தான் ஏத்துனாரு."

"இப்ப ஏன் அழிச்சாகளாம்?"

"கேட்டேன். அன்னைக்குச் சொன்னது, அன்னைக்கு வந்து சேரல, விடுங்கன்னா. எப்படி விட முடியும்? யாரக் கேட்டு அழிச்சன்னு சத்தம் போட்டேன். பதில் சொல்லாம அடுப்படிக்குள்ள போயிட்டா. நான் இங்க வந்துட்டேன்."

"அதுல என்ன சொல்லியிருந்தாகன்னு கேட்டீங்களா?"

ஆவுடையப்பன் அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். கீழே தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"கேக்கல" என்றார்.

"ஏன்?"

"அதான் இதுல இருக்கே, டீச்சர். போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது."

டீச்சர் டிஸ்க்கை அவர் பக்கம் நகர்த்தினார். கேபிளையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். தன் கம்ப்யூட்டரைத் திருப்பி அவர் பார்க்கும்படி வைத்தார். எல்லாம் தயாராக இருந்தது. கேபிளை மாட்டிப் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டியதுதான்.

அவர் கை கேபிள்வரை போய் நின்றுவிட்டது. எத்தனையோ எஞ்சின்களைக் கழற்றிய கை அது. எப்போதும் அவருக்கு முன்னால் போகும். இப்போது போகவில்லை. அவருக்குப் பயம் வந்துவிட்டது. அழித்ததில் என்ன இருக்குமோ என்ற பயமா, அவள் அழித்ததைத் தான் திறக்கலாமா என்ற பயமா, அவருக்கே பிரிக்கத் தெரியவில்லை.

"டீச்சர், இவ்வளவு நாள் நீங்க சொன்னபடிதான் எல்லாம் செஞ்சேன். எதுவும் தப்பல. இதையும் நீங்களே சொல்லிருங்க. நான் இதக் கேக்கட்டுமா, வேண்டாமா?"

"டிஸ்க்கு உங்களோடது, அண்ணாச்சி."

"அப்படிச் சொன்னா எப்படி? கேக்காமலும் இருக்க முடியல. கேக்கவும் கை வர மாட்டேங்குது."

டீச்சர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"மதினிக்கு ஆபரேஷன் என்னைக்கு?"

"வர்ற வியாழக்கிழமை."

"இந்த டிஸ்க்கு வெள்ளிக்கிழமையும் பேசும்" என்றார் டீச்சர்.