இழையாள் நீட்டிய கை

ஒரு மனிதருக்குள் ஒரு நாடு இருந்தது. வெளியுலகில் அவருக்கு இசக்கியப்பன் என்று பெயர். சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்ப்பவர். வயது ஐம்பத்து மூன்று. உள்ளே வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பெயரும் தெரியாது, ஆலையும் தெரியாது. அவர்கள் அறிந்தவை இரண்டே: ஓயாது ஓடும் குருதி ஆறு, அதை ஓயாது ஓட்டும் இதயம்.

அந்த ஆற்றில் ஒரு காவற்கூட்டம் மிதந்து திரிந்தது. கரை கிழிந்தால் முதலில் பாய்ந்து அப்பிக்கொள்பவர்கள் ஒட்டியக்காமார். தட்டுப் போன்ற சின்னஞ்சிறு அணுக்கள். அவர்கள் குரல் கொடுத்ததும், குருதியை உறையச் செய்யும் உறைகாரணிகள் விழிப்பார்கள். ஒருவர் அடுத்தவரைத் தட்டி எழுப்புவார், அவர் அதற்கடுத்தவரை. எழுந்தவர் காரணம் கேட்கலாகாது என்பது அக்குலத்தின் வழக்கம். கேட்டு முடிப்பதற்குள் உயிர் ஒழுகிவிடும் அல்லவா? அந்த வரிசையின் கடைசி ஆள் முடுக்கன். அவன் எழுப்புவது இழையாளை.

இழையாள் நீரில் கரைந்து கிடப்பவள். அவள் மேனியில் சிறு மூடிகள் சில உண்டு. அவை இருக்கும்வரை அவள் யாரோடும் ஒட்டமாட்டாள். முடுக்கன் அவற்றைத் தறித்தால் போதும், அவளும் அவளுடைய கோடித் தங்கைகளும் கைகோத்து வலையாகிவிடுவார்கள். அந்த வலையில் குருதியே சிக்கி உறைந்து அணையாகும்.

அன்று காலை இசக்கியப்பனின் தாடையில் சவரக்கத்தி பட்டது. இழையாள் அவ்வழியே மிதந்தபோது தங்கைகள் அணைகட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். கிழிசலுக்கு அப்பால் காற்று வீசியது. ஆறு வெளிப்புறமாக இழுத்தது.

"பாத்தியா தங்கச்சி! மூச்சு விடுறதுக்குள்ள அடைச்சுட்டோம்லா!" என்று ஒட்டியக்கா ஒருத்தி மார்தட்டினாள்.

"எனக்கு எப்ப வரும் அந்தப் பாக்கியம்?" என்று ஏங்கியபடியே இழையாள் நகர்ந்தாள்.

அடுத்த சுற்றில் அவள் இதயத்தின் மேல் படர்ந்த தமனிக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் வியந்து போனாள். நாடு முழுவதற்கும் குருதியை இறைத்துக் கொட்டும் அந்த இதயத்தால், தன் அறைகளில் நிறைந்து தளும்பும் வெள்ளத்திலிருந்து தன் தசைக்குப் போதுமானதை எடுத்துக்கொள்ள முடியாது. ஊருக்கெல்லாம் அனுப்பியபின், தன் மேனிமீது கிளைத்தோடும் மெல்லிய வாய்க்கால்களின் வழியேதான் அதுவும் பசியாற வேண்டும். இவ்வளவு பெரிய கொடைக்கு இவ்வளவு சிறிய வாயா!

அந்த வாய்க்காலின் சுவருக்குள் பல ஆண்டுகளாகக் கொழுப்பு திரண்டு புடைத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புடைப்பின் மெல்லிய தோல் வெடித்தது.

"ஏ, கரை உடைஞ்சிட்டு! ஓடியாங்கட்டி!" என்று ஒட்டியக்கா அலறினாள்.

உறைகாரணிகள் ஒருவரையொருவர் தட்டி எழுப்பினார்கள். முடுக்கன் கண்ணைத் திறந்தான். திறந்த வேகத்திலேயே இழையாளின் மூடியில் கை வைத்தான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். இங்க காத்தே வீசலியே. ஆறு வெளியவும் இழுக்கல. ஒரு சொட்டு கூடச் சிந்தலியே!"

"கேள்வியா கேக்கே? நம்ம பரம்பரையில எவளாவது கேட்டிருக்காளா?"

"உடைஞ்சது உள்பக்கமா, வெளிப்பக்கமான்னு மட்டும்..."

"உடைஞ்சா கட்டணும். அவ்வளவுதான். கைய நீட்டுட்டி!"

மூடிகள் அறுந்தன. அவளறியாமலே அவள் கைகள் தங்கைகளின் கைகளைப் பற்றின. வலை விரிந்தது, இறுகியது. எவ்வளவு அழகான அணை! எவ்வளவு விரைவு! பிழை ஒன்றே: அந்த அணை, காயத்தை மட்டுமன்றி வாய்க்காலையே அடைத்து நின்றது.

அணைக்கு அப்பால் இதயத்தின் ஒரு மூலை பசியால் முனகியது. எலும்புகளின் வழியே வெளியுலகின் குரல்கள் அதிர்ந்து வந்தன.

"என்ன, இப்படி வேர்த்து ஊத்துது?" அது அவர் மனைவி சொர்ணக்கிளி.

"வாயுப் பிடிப்புதான். சுக்குத் தண்ணி போட்டுக் குடு, சரியாயிரும்."

"சுக்கும் வேண்டாம், மிளகும் வேண்டாம். எந்திரிங்க, ஆசுபத்திரிக்கு. நடக்காதீங்க, ஆட்டோ வந்துட்டு!"

நேரம் போயிற்று. முனகல் தேய்ந்தது. "இன்னும் இறுக்கிப் பிடிங்க!" என்று முடுக்கன் அணையைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுக்கு அது மட்டுமே தெரியும்.

அப்போது ஆற்றில் ஒரு புதியவன் வந்தான். மருத்துவர் ஊசி வழியே அனுப்பிய தூதன். அணையின் முகப்பில் முட்டி நின்று மூச்சுவாங்கக் கேட்டான்: "உள்ள அவிழ்ப்பான்னு ஒருத்தன் இருப்பானே, எங்கம்மா?"

இழையாள் தன்னருகே பார்த்தாள். வலை பின்னிய பரபரப்பில் அவர்களோடு சேர்ந்து சிக்கிய ஒருவன், அணைக்குள்ளேயே உறங்கிக்கொண்டிருந்தான். கட்டிய எதையும் வெட்டிக் கரைக்க வல்லவன். அணை எழும்போதே அதை அவிழ்ப்பவனும் உள்ளே வைக்கப்பட்டிருந்தான்! யார் வகுத்த ஏற்பாடு இது? அவளுக்கு மெய் சிலிர்த்தது.

"இந்தா கிடக்கான். எழுப்ப வேண்டியதுதான?"

"எட்டத்துல நின்னு எழுப்பினா இவன் லேசுல முழிக்க மாட்டான். நீ ஒரு கையால என்னைப் பிடிக்கணும், மறு கையால அவனைப் பிடிக்கணும். ஒண்ணு மட்டும் சொல்லிருதேன் தாயி. அவன் முழிச்சதும் முதல்ல வெட்டுறது உன்னைத்தான்."

முடுக்கன் பதறினான். "கட்டுன கையை விட்டுறாத! நம்ம குலத்துக்கே மானக்கேடு!"

"மானம் இருக்கட்டும் அண்ணாச்சி. அந்த மூலையில ஏதாவது சத்தம் கேக்கா?"

முடுக்கன் செவிசாய்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. குலவழக்கத்துக்கு மாறாக, வாழ்க்கையில் முதன்முறையாக அவனும் ஒரு கேள்வி கேட்டான்.

"நம்மளாலயா?"

இழையாள் ஒரு கையால் தூதனையும், மறுகையால் உறங்குபவனையும் பற்றினாள்.

அவிழ்ப்பான் விழித்தான். வாள் இறங்கியது. அவள் விலகவில்லை; அவன் வெட்டுவதற்கு வாகாகத் தன் மேனியை நீட்டிக் கொடுத்தாள். அவளைப் பார்த்துத் தங்கைகள் ஒவ்வொருத்தியாய் நீட்டினார்கள். அணையில் ஓர் ஊசித்துளை விழுந்தது. துளை வழியாயிற்று. குருதி பாய்ந்தது.

துண்டு துண்டாய்க் கரைந்து மிதந்த இழையாள், அந்த மூலையைக் கடந்தபோது தசை ஒருமுறை நடுங்கியது, பிறகு துடித்தது.

"நெஞ்சுல ஏறி உக்காந்தவன் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு, கிளி" என்றது வெளியே ஒரு குரல்.

கட்டுவதற்கு ஒரு கூச்சல் போதுமாயிருந்தது. அவிழ்ப்பதற்கோ, கட்டியவளே கை கொடுக்க வேண்டியிருந்தது.