அறுபத்திரண்டாம் பக்கம்

பள்ளிப் பாடங்களுக்குக் கைடு போடும் கம்பெனி ஒன்றில் அமலோற்பவம் தலைமை நிர்வாகி. இருபத்தெட்டு வயதில், கைக்குழந்தையோடு வேலை கேட்டு வந்து நின்றவள். கிடைத்தது வாசிக்கிற வேலை. அவள் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பாள். எதிரே பீர்முகம்மது அச்சான தாளில் வரி வரியாக விரலை ஓட்டிப் பிழை திருத்துவார். அவர் அவளுக்கு மூன்று வயது இளையவர். ஆனாலும் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என்று அவரை வாத்தியார் என்றே அழைத்தாள். அவருக்கு அவள் அக்கா.

ஒரு வருடம், ஆறாம் வகுப்புக் கைடில், தாமிரபரணி குற்றாலத்தில் பிறப்பதாகத் தவறாக அச்சாகிவிட்டது. அத்தனை புத்தகத்தையும் கிழித்துப் போடலாமா என்று முதலாளி தலையில் கை வைத்திருந்தபோது, புத்தகத்துக்கு ஒரு திருத்தச் சீட்டு செருகிவிடலாம் என்றாள் அமலோற்பவம். முதலாளிக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஏறுமுகம்.

தலைமை நாற்காலிக்கு வந்ததும், கணினியே பிழை பார்க்கிறதே என்று வாசிக்கிற மேசையை எடுத்துவிட்டாள். பீர்முகம்மது மூக்குக்கண்ணாடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பன்னிரண்டு வருடம் கழித்து, மே மாதக் கடைசியில் ஒரு பிற்பகல், மேலப்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் அவளுடைய கார் வந்து நின்றது. அவர் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. வழி மறக்கலியே."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஐந்தாம் வகுப்பு அறிவியல் கைடை எடுத்து, அறுபத்திரண்டாம் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தாள். மின்சாரம் தாக்கியவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேள்வி. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்ற வரி விழுந்துபோயிருந்தது. அவரைப் பிடித்து இழுத்துக் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைக்க வேண்டும் என்றுதான் விடை தொடங்கியது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லாததால் கணினி பேசாமல் இருந்துவிட்டது.

புத்தகக் கட்டுகள் லாரியில் ஏறிவிட்டன. பள்ளி திறக்கப் பத்து நாள். திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடி, ஆறு மாநிலக் கிளைகளுக்கும் அவளைத் தலைவியாக்குவதா என்று முடிவு செய்யும். புத்தகத்தை நிறுத்தினால் அந்தப் பேச்சே எழாது. இதையெல்லாம் அவள் தணிந்த குரலில் சொல்லி முடித்தாள்.

"ஒரே ஒரு வரி, வாத்தியாரே. அன்னைக்கு மாதிரி சீட்டு வச்சா போதாதா?"

பீர்முகம்மது எழுந்து உள்ளே போனார். பழைய பேப்பர் கடையில் வாங்கிய புத்தகம் ஒன்றோடு வந்து அவள் மடியில் வைத்தார். அட்டை போன ஆறாம் வகுப்புக் கைடு. முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள். செல்வக்கனி என்பதை அடித்துவிட்டு மாரிக்கனி. அதையும் அடித்துவிட்டு மூ. இசக்கியம்மாள், சேரன்மகாதேவி.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். தாமிரபரணி குற்றாலத்தில் பிறந்துகொண்டிருந்தது. அதன் கீழே நீலத்தில் ஒரு கோடு, பச்சையில் ஒரு கோடு, பென்சிலில் ஒரு கோடு. ஓரத்தில் 'முக்கியம்' என்று எழுதியிருந்தது.

அமலோற்பவம் புத்தகத்தைக் கவிழ்த்து உதறினாள். காய்ந்த வேப்பிலை ஒன்று விழுந்தது.

"சீட்டைக் காணோமே."

"பேரும் ஊரும் இருக்குல்லாக்கா. கேட்டுப் பாருங்க."

அவள் கைபேசி அடித்தது. கிடங்கிலிருந்து. லாரி கிளம்பலாமா என்று கேட்டார்கள். அவள் அந்த மூன்று பெயர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் இரண்டு தடவை மேடம், மேடம் என்றார்கள்.

"புத்தகக் கட்டெல்லாம் இறக்கச் சொல்லுங்க" என்றாள்.

கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டாள்: "திங்கக்கிழமை நான் என்ன சொல்ல, வாத்தியாரே?"

பீர்முகம்மது கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். கல்யாணப் பத்திரிகையை ஒதுக்கிவிட்டுப் புதுக் கைடைத் தன் முன்னால் விரித்து, முதல் வரியில் விரலை வைத்தார்.

"கையெழுத்துப் பிரதி கொண்டாந்திருக்கியளா? முதல் பக்கத்திலேருந்து வாசிங்கக்கா. நான் பாக்கேன்."