ஒத்தைக் காம்பு

கோத்தகிரி மலைச்சரிவில் ஒரு சின்ன மடம். குரு குகானந்தருக்கு நாற்பது வயது. சீடர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மலையேறி வந்தவர். மடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

அன்று மத்தியானம் மாசிலாமணியின் மகள் மங்கை வரவிருந்தாள், அப்பாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போக.

"நான் போகலை சாமி," என்றார் மாசிலாமணி. "வர்றவ கையில ஏதாவது கொடுத்து அனுப்பிடுறேன்."

"என்ன கொடுப்பீங்க?"

"நீங்க பண்ணுவீங்களே, அந்த லாவெண்டர் பின்னல். துணி அலமாரியில வெச்சா வாசமா இருக்கும்."

குரு தோட்டத்துக்குப் போய்க் காம்புகளைப் பூவோடு பறித்து வந்தார். ஒரு ஊதா ரிப்பனும் கொடுத்தார்.

"வாடுறதுக்குள்ள பின்னிடுங்க. காய்ஞ்சா ஒடியும்."

மாசிலாமணி பூக்களை ஒன்றாகச் சேர்த்து அடியில் கட்டினார். காம்புகளைத் திருப்பி மடக்கி, பூக்களைச் சுற்றிக் கூண்டு போல நிறுத்தினார். ரிப்பனை ஒரு காம்புக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று ஓட்டினார்.

"ஏன் போகலை?" என்றார் குரு.

"அவ, மாப்பிள்ளை, ரெண்டு பிள்ளைங்க. நாலு பேருக்கு அளவான வீடு. நான் ஏறினா ஸ்டாண்டிங்தான்."

"ஏறச் சொல்றது அவதானே?"

"ஏத்திக்குவாங்க சாமி. அப்புறம் உள்ள போ, உள்ள போன்னு நெருக்குவாங்க. முப்பது வருஷம் நானே சொன்னவன், எனக்குத் தெரியாதா?"

குரு சிரித்துவிட்டார்.

முதல் சுற்று ஒழுங்காக வந்தது. இரண்டாவதில் ரிப்பன் பிடிக்கவில்லை. முன்பு மேலே இருந்த காம்புகளே மறுபடியும் மேலே இருந்தன. பிரித்தார். பின்னினார். திரும்பவும் அதேதான். மூன்றாம் தடவை பூ உதிர ஆரம்பித்தது.

"ரிப்பன் சரியில்லை."

"எத்தனை காம்பு?"

"பன்னெண்டு."

"பதிமூணு கொடுத்தேனே."

"எண்ணினேன். ஒண்ணு ஜோடி இல்லாம ஒத்தையா நின்னுச்சு. மக வீட்டுக்குப் போற பொருள், ஒத்தை ஆகாதுன்னு எடுத்துட்டேன்."

அது அவர் காதின் மேல் இருந்தது, கண்டக்டர் பென்சில் மாதிரி.

குரு அதை உருவினார். கட்டைத் தளர்த்தி, காம்புகளுக்கு நடுவே செருகி இறுக்கினார்.

"இப்ப ஓட்டுங்க."

போன சுற்றில் மேலே இருந்தது இந்தச் சுற்றில் கீழே போனது. ரிப்பன் பிடித்தது. கட்டம் கட்டமாகப் பின்னல் இறங்கிற்று. மாசிலாமணி கடைசிவரை ஓட்டி முடிச்சுப் போட்டார். முடித்த பிறகும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தேடுறீங்க கண்டக்டரே?"

"நீங்க செருகினது எதுன்னு பார்க்கிறேன் சாமி. தெரியலை."

கீழே ரோட்டில் மங்கை வந்த வண்டியின் ஹார்ன் சத்தம் கேட்டது. மாசிலாமணி உள்ளே போனார். வரும்போது தோளில் பை இருந்தது. வாசல்வரை போனவர் நின்றார்.

"நான் போயிட்டா இங்க நீங்க ஒத்தையாயிடுவீங்களே."

குரு கிட்டே வந்து, அவர் சட்டையில் ஒட்டியிருந்த பூவைத் தட்டிவிட்டார்.

"ஆகட்டுமே. ஒத்தைன்னா எங்கேயாவது செருக யாராவது வராமலா போவாங்க?"