சாய்ந்த கரையும் முந்நூறு இதயங்களும்

பூவரசங்காட்டு விலங்குகள் போனில் படம் போட ஒரு குழு வைத்திருந்தன. சுற்றுலா வந்தவர்கள் தொலைத்துவிட்டுப் போன செல்போன்கள் காட்டில் ஏராளம். குழுவின் பெயர் ‘கானகக் கண்கள்’. அட்மின் மயூரநாதன் என்ற மயில். அது எடுக்கும் படங்களிலெல்லாம் அதுவே இருக்கும்.

குழுவுக்கு ஒரே ஒரு விதி. யாரும் யாரையும் புண்படுத்தக் கூடாது. அதாவது, எந்தப் படத்தைப் போட்டாலும் பாராட்ட வேண்டும்.

இந்த விதியை நரியைப் போல் மதித்தவர் வேறு யாருமில்லை. படம் வந்த நொடியே ‘அருமை, அருமை’ என்று எழுதிவிடும். திறந்து பார்க்கிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. எருமை தன் தாய் இறந்த செய்தியைப் போட்டபோதும் ‘அருமை, அருமை’ என்றது. பதிலுக்கு நரி போடும் படங்களுக்கும் எல்லோரும் அப்படியே எழுதினார்கள். கொடுக்கல் வாங்கல் சுமுகமாக நடந்தது.

செவ்வந்தி என்ற கீரி ஏரிக்கரையின் அடிவாரத்தில், வளை ஒன்றில் மூன்று குட்டிகளோடு இருந்தது. படம் எடுக்கப் புதிதாகப் பழகிக்கொண்டிருந்தது. ஒரு மாலை ஏரியைச் சுற்றி மறுபக்கம் வந்து நின்று, எதிர்க்கரைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டது.

இதயங்கள் கொட்டின. முந்நூறு. “கண்ணீர் வந்துவிட்டது” என்று எழுதியது கரடி. அப்போது அது தேன் குடித்துக்கொண்டிருந்தது.

நீலாவதி என்ற மீன்கொத்தி மட்டும் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தது. பிறகு எழுதியது:

“செவ்வந்தி, தண்ணியில அந்த வெளிச்சம் விழுந்த நேரத்தைச் சரியாப் பிடிச்சிருக்கே. ஆனா கரை இடப்பக்கம் இறங்கின மாதிரி இருக்கு. கை சாஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். அடுத்த தடவை போனைக் கல்லு மேல வச்சு, தண்ணிக் கோடு நேரா இருக்கான்னு பார்த்து எடு. இன்னும் நல்லா வரும்.”

குழு கொதித்தது.

“வளர்ற பிள்ளையை இப்படியா மட்டம் தட்டுறது?” என்றது கரடி.

“நீ எடுத்த படம் எங்கே? அதைக் காட்டு முதல்ல” என்றது முள்ளம்பன்றி.

“வயித்தெரிச்சல். வேறென்ன?” என்றது நரி. அன்றைக்குத்தான் அது ‘அருமை’ தவிர வேறொரு சொல்லை எழுதியது.

மயூரநாதன் தோகையைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது. “நம் குழுவில் அன்பு மட்டுமே உண்டு” என்று எழுதி, அந்த அன்போடு நீலாவதியைக் குழுவிலிருந்து நீக்கியது.

செவ்வந்திக்கு முந்நூறு இதயங்களும் மறந்துபோயின. அந்த ஒரு வரிதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. ‘என் கையா சாஞ்சுது? நேரா எடுத்து அவ மூஞ்சியிலேயே காட்டுறேன்’ என்று மறுநாள் மாலை வீம்பாக ஏரிக்குப் போனது.

போனைக் கல்லின்மேல் வைத்தது. தண்ணீர்க் கோட்டைப் படத்தின் கீழ் விளிம்போடு ஒட்டிப் பார்த்து எடுத்தது. தண்ணீர் நேராகத்தான் இருந்தது. கரை மட்டும் இடப்பக்கம் இறங்கியிருந்தது. இன்னொன்று எடுத்தது. இடம் மாறி நின்று பத்துப் படம் எடுத்தது. பத்திலும் அதே இடத்தில் கரை இறங்கியிருந்தது.

செவ்வந்திக்கு என்னவோ போலிருந்தது. படத்தைக் குழுவில் போட்டு, “கரை உள்வாங்கின மாதிரி தெரியுதா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்” என்று கேட்டது.

“அருமை, அருமை” என்றது நரி.

“கரையே ஒரு கவிதை” என்றது கரடி.

“வீழ்ச்சியிலும் ஓர் அழகு. வாழ்த்துகள்” என்றது மயூரநாதன்.

இதயங்கள் நானூற்றைத் தாண்டின. படத்தைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

மறுநாள் காலை செவ்வந்தி போனைக் கவ்விக்கொண்டு, நீலாவதி வழக்கமாக உட்காரும் நாணல் பக்கம் போய் நின்றது.

“அக்கா, கோவமா இருக்கியா?”

“இருந்துச்சு. ரெண்டு மீன் கிடைச்சதும் போயிருச்சு. என்ன கொண்டாந்திருக்கே?”

படத்தைக் காட்டியது. நீலாவதி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. உடனே எதிர்க்கரைக்குப் பறந்து போய்த் திரும்பி வந்தது.

“நான் சொன்னது தப்பு, செவ்வந்தி. உன் கை சாயல. கரைதான் ஒரு முழம் உள்வாங்கியிருக்கு. பின்பக்கம் சேத்துத் தண்ணி கசியுது. உன் வளை எந்தப் பக்கம்?”

“அதுக்கு நேர் கீழேதான்.” செவ்வந்தி எதிர்க்கரைப் பக்கம் திரும்பியது. “பிள்ளைங்க உள்ளே தூங்குதுங்க.”

வானம் கறுத்திருந்தது. முதலில் குட்டிகளை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு செவ்வந்தி காட்டுப்பன்றிகளிடம் ஓடியது. அவர்களுக்குப் போனும் இல்லை, குழுவும் இல்லை. ஆகவே சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். மண்ணைக் கிளறித் தள்ளினார்கள். எருமை ஏறி மிதித்து இறுக்கியது. பொழுது சாய்வதற்குள் பள்ளம் மூடியது. மூன்றாம் நாள் பெய்த மழையில் ஏரி விளிம்புவரை தளும்பியது. கரை நின்றது. அடிவாரத்து வளைகளில் ஒன்றுகூட நனையவில்லை.

மழை விட்டதும் மயூரநாதன் புதுக்கரையில் தோகை விரித்து நின்று படம் எடுத்துக்கொண்டது. ‘நம் குழுவின் வெற்றி’ என்று தலைப்பு. அறுநூறு இதயங்கள். தோகை மறைத்ததில் கரையைத்தான் காணவில்லை.

“நீலாவதியக்காவைத் திரும்பச் சேர்த்துக்குங்க” என்று கேட்டது செவ்வந்தி.

“பார்க்கலாம். முதலில் அவர் மன்னிப்புக் கேட்கட்டும்” என்றது மயூரநாதன்.

செவ்வந்தி குழுவிலிருந்து வெளியேறியது. இப்போது நாணல் பக்கம் வேறொரு குழு இருக்கிறது. அதில் மூன்றே பேர். மூன்றாவது, எங்கிருந்தோ ஒரு போனைத் தேடிப் பிடித்த காட்டுப்பன்றி. அது போட்ட முதல் படத்தில் பாதி அதன் மூக்கு, மீதியில் ஒரு பூ.

“பூ நல்லா வந்திருக்கு அண்ணே. கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தா முழுசாத் தெரியும்” என்றது செவ்வந்தி.

பன்றி ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் தள்ளி நின்று எடுத்தது.

பார்க்காமலே புகழ்கிற நூறு பேரைவிட, நின்று பார்த்துக் குறையையும் அதைத் திருத்தும் வழியையும் அன்பாகச் சொல்லி, தன் தவறையும் ஒப்புக்கொள்கிற ஒருவரே மெய்யான நண்பர்.